‘ஐயாயிரம் தாள் எடுத்து வைங்க’ என்றால் ஒன்றா, எல்லாமா?

நீங்கள் எழுதியதை மேலோட்டமாகப் பார்த்தால், தாள், நோட்டு, காசு, சல்லி என்பவற்றில் எது சரியான தமிழ் என்று கேட்பது போல இருக்கிறது. நடந்ததைப் பார்த்தால் கேள்வி வேறு. அக்கரைப்பற்றில் ஒரு பலசரக்குக் கடையில் காசு எடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதலாளி போனில், “மகள், ஐயாயிரம் தாள் எடுத்து வைங்க, ஆள் வரும்” என்றார். நீங்கள் ஒரு ஐயாயிரம் ரூபாத் தாளை உறையில் போட்டு வைத்தீர்கள். அவர் சொன்னதோ லாச்சியில் (மேசை இழுப்பறையில்) கிடந்த ஐயாயிரம் ரூபாத் தாள் அத்தனையையும். வந்த ஆள் திரும்பிப் போக, உங்களுக்கு ஏச்சு விழுந்திருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எந்தச் சொல் சரி என்பதல்ல. ஒருவர் காசைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் அதில் எந்தத் தாள், எத்தனை தாள், மொத்தம் எவ்வளவு என்பதை எப்படிப் பிரித்து அறிவது என்பதுதான். காசு முகப்பில் இருந்தும் அங்கே புதிதாக வருகிறவர்களைப் பழக்கியும் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் உறுதியான விடயம்: நீங்களும் பிழை விடவில்லை, முதலாளியும் பிழையாகச் சொல்லவில்லை. அந்த வசனத்துக்கு மூன்று பொருள் உண்டு, மூன்றும் நல்ல தமிழ். ஒன்று, ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்று. இரண்டு, ஐயாயிரம் ரூபாத் தாளாக இருப்பவை எல்லாம். மூன்று, ஐயாயிரம் ரூபா காசு, குத்தியாக (உலோகக் காசாக) இல்லாமல் தாளாக. தமிழில் உயிரில்லாத பொருளுக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. ‘பத்து தேங்காய்’ என்போம், ‘பத்து தேங்காய்கள்’ என்று சந்தையில் யாரும் சொல்வதில்லை. அதேபோலத் ‘தாள்’ என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், நூறையும் குறிக்கும். ‘கள்’ இல்லாததை வைத்து ஒரு தாள்தான் என்று முடிவுகட்ட இலக்கணத்தில் இடமில்லை.

எண்ணுப்பெயர்களில் மட்டும் தமிழ் மிகவும் கறாரானது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எண்கள் ஒட்டிக் குறுகி வந்தால் அது ஒரு தொகை. ஒட்டாமல் தனித்தனியே நின்றால் முதலாவது எண்ணிக்கை, அடுத்தது தாளின் பெயர். ‘இருநூறு தாங்க’ என்றால் எப்படிக் கொடுத்தாலும் சரி: ஐம்பது நான்கு கொடுக்கலாம், இருபது பத்துக் கொடுக்கலாம். ‘ரெண்டு நூறு தாங்க’ என்றால் நூறு ரூபாத் தாள் இரண்டுதான் வேண்டும். ஐந்நூறு ஒரு தொகை, ‘அஞ்சு நூறு’ ஐந்து தாள். எண்ணூறு தொகை, ‘எட்டு நூறு’ எட்டுத் தாள். இந்த வேறுபாட்டை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தாய்மொழியாகத் தமிழ் பேசுகிறவர் தவறாமல் கையாளுகிறார்.

கூட்டலுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. நூறு ‘நூற்று’ என்றும், ஆயிரம் ‘ஆயிரத்து’ என்றும், லட்சம் ‘லட்சத்து’ என்றும் திரிந்தால் பின்னால் வருவதைக் கூட்ட வேண்டும். நூற்றிருபது என்றால் 120. ‘நூறு இருபது’ என்று திரியாமல் வந்தால் இருபது ரூபாத் தாள் நூறு, அதாவது 2,000 ரூபா. ஆயிரத்து ஐந்நூறு என்றால் 1,500. ‘ஆயிரம் ஐந்நூறு’ என்றால் ஐந்நூறு ரூபாத் தாள் ஆயிரம், அதாவது ஐந்து லட்சம். அந்த ‘த்து’ ஒன்றுக்குள் நாலு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா கிடக்கிறது. ‘ஆயிரம் ஐந்நூறு இருக்கா?’ என்று ஒருவர் கேட்டால் இன்னொரு பொருளும் வரும்: ஆயிரம் ரூபாத் தாளோ ஐந்நூறு ரூபாத் தாளோ இருக்கிறதா என்று. அதை அவருடைய குரலின் இழுப்பில் இருந்துதான் அறிய முடியும். எழுதினால் அதுவும் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால் வாய்ப்பேச்சு இந்தக் கறாரை அரித்துவிடுகிறது. ‘ஐயாயிரம்’ என்பது பலருடைய வாயில் ‘அஞ்சாயிரம்’ ஆகிவிட்டது. ‘அஞ்சு ஆயிரம்’ என்று வேகமாகச் சொன்னாலும் அதுவே காதில் விழும். ஒரு ஐயாயிரம் ரூபாத் தாளா, ஆயிரம் ரூபாத் தாள் ஐந்தா என்று தெரியாமல் போகும். மொத்தம் ஒன்றுதான் என்பதால் பெரும்பாலும் சண்டை வராது. ஆனால் சம்பளம் கொடுக்க மாற்றுக் காசு தேடுகிற நாளில், ஐந்து தாள் கேட்டவருக்கு ஒரு தாள் போனால் பயனில்லை. ‘ரெண்டாயிரம்’ என்பதிலும் இப்போது இதே இரட்டுறல் வந்துவிட்டது. இலங்கை மத்திய வங்கி தன் 75ஆவது ஆண்டை ஒட்டி 2025இல் 2000 ரூபாத் தாளை வெளியிட்டது. அதற்கு முன் சிகிரியாப் படத்தோடும் ஒரு 2000 ரூபாத் தாள் வந்திருந்தது. பத்தாயிரத்தில் இந்தக் கவலை இல்லை. பத்தாயிரம் ரூபாத் தாள் என்று ஒன்று கிடையாது. ஆகவே ‘பத்தாயிரம் தாள்’ என்றால் தொகையைத்தான் சொல்கிறார்கள்.

போனில் கேட்கும்போது இன்னும் இரண்டு சொற்களுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எண்ணூறும் தொண்ணூறும். வால் ஒன்று, தலைதான் வேறு. மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குள் நின்று ஒருவர் ‘எண்ணூறு’ என்றால் அது ‘தொண்ணூறு’ என்று கேட்கும். ஒன்று 800, மற்றது 90. தொண்ணூறுக்குள் நூறு ஒலித்தாலும் அது நூறுக்குக் கீழே. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலித்தாலும் அது ஆயிரத்துக்குக் கீழே. பிந்திய வயதில் தமிழ் பழகிய சிங்களச் சகோதரர்கள் தொள்ளாயிரத்தை ஒன்பதாயிரம் என்று எடுத்துக்கொள்வது இதனால்தான். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, சொல்லின் உருவம் அப்படி. இப்படிப்பட்ட தொகையை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘எட்டு, சைபர், சைபர்.’

இதற்கெல்லாம் தமிழ் தன் கையிலேயே ஒரு மருந்து வைத்திருக்கிறது. எண்ணிக்கையைப் பெயருக்குப் பின்னால் போடுவது. ‘ஐயாயிரம் ரூபாத் தாள் மூண்டு.’ ‘ஆயிரம் ரூபாத் தாள் அஞ்சு.’ ‘நூறு ரூபாத் தாள் இருபது.’ இப்படிச் சொன்னால் எது தாளின் பெறுமதி, எது எண்ணிக்கை என்று மயங்க வழியில்லை. நடுவில் வரும் ‘ரூபாத் தாள்’ என்பதை மட்டும் விழுங்கிவிடக் கூடாது. ‘நூறு இருபது’ என்று சுருக்கினால் பழைய குழப்பம் திரும்ப வரும். எழுதும்போது 5000 x 3 = 15,000 என்று மூன்று எண்ணையும் போடுங்கள். வங்கி வைப்புத் துண்டில் தாள் வாரியாகக் கட்டம் போட்டிருப்பது இதற்காகவே. மூன்றில் ஒன்று பிழைத்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். தொகையின் முடிவில் /= போடும் நமது வழக்கத்தையும் விடாதீர்கள். 1500.00 என்று எழுதி, பேனை மங்கிப் புள்ளி தெரியாமல் போனால், கணக்குப் பார்க்கிறவர் அதை ஒன்றரை லட்சம் என்று வாசிப்பார்.

இனிச் சொற்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் வாய்ச்சொல் காசுதான், பலருடைய வாயில் ‘காசி’. முஸ்லிம் வாடிக்கையாளர்களிடம் ‘சல்லி’ என்பதையும் நிறையக் கேட்பீர்கள். ஒரு லட்சமும் சல்லிதான், பத்து ரூபாவும் சல்லிதான். ‘சல்லிக்காசுக்குப் பெறாது’ என்பதிலுள்ள அற்பப் பொருள் அங்கே இல்லை. சிங்களத்திலும் சல்லி உண்டு, பழந்தமிழ் நாணயப் பெயர்களிலும் உண்டு. எது எங்கிருந்து போனது என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பணம் என்பது எழுத்திலும் வங்கிப் படிவத்திலும் வருவது. இதில் எந்தச் சொல்லும் பிழையில்லை, எதுவும் கொச்சையுமில்லை. முன்னால் நிற்கிறவர் எதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம்முடைய காசுதான் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள், அது பாதி உண்மை. ஆசியச் சிறுநாணயத்தைக் குறித்த ‘கேஷ்’ போர்த்துக்கேயர் வழியாகக் காசிலிருந்து போனது. கைக்காசு என்ற பொருளில் இன்று வழங்கும் ‘கேஷ்’ பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

காசு, பணம் இரண்டையும்விட இடறக்கூடியது ‘நாணயம்’. தமிழ்நாட்டில் நாணயம் என்றால் பெரும்பாலும் உலோகக் காசு. நமது மத்திய வங்கியின் தமிழில் நாணயம் என்பது தாள், குத்தி இரண்டுக்கும் பொது: தாளுக்கு நாணயத்தாள், உலோகத்துக்குக் குத்தி. ஆகவே இந்தியத் தொலைக்காட்சியில் ‘பத்து ரூபாய் நாணயம்’ என்பதும், நமது வங்கியில் ‘வெளிநாட்டு நாணயம்’ என்பதும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். நோட்டு என்ற சொல்லில் நமக்கு ஒரு வசதி உண்டு: பள்ளிக்கூடத்தில் எழுதுவதைக் கொப்பி என்கிறோம், அதனால் நோட்டு பெரும்பாலும் காசையே குறிக்கும். ஆனால் கடன் விடயத்தில் ‘நோட்டு எழுதினோம்’ என்றால் அது புரோ நோட்டு, கடனுறுதிச் சீட்டு. ‘நோட்டு அவரிட்ட இருக்கு’ என்று யாராவது சொன்னால் எந்த நோட்டு என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான சொல் ‘மாத்து’. உங்கள் முகப்பில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பீர்கள். ‘ஐயாயிரத்த மாத்தித் தாங்க’ என்றால் சிறிய தாள்களாக உடைத்துத் தரச் சொல்கிறார். ‘இந்தத் தாள மாத்தித் தாங்க’ என்றால் நீங்கள் கொடுத்த கிழிந்த தாளுக்குப் பதில் நல்லது கேட்கிறார். ‘செக் மாத்தணும்’ என்றால் காசோலைக்குக் காசு. ‘ரியால் மாத்தணும்’ என்றால் வெளிநாட்டுத் தாளுக்கு ரூபா. ‘கைமாத்தா ஒரு ஐயாயிரம்’ என்றால் வட்டியில்லாத குறுங்கடன்; ‘அவரிட்ட ஐயாயிரம் மாறினான்’ என்பதும் கடன்தான். ‘காசு மாறிப்போச்சு’ என்றால் ஆளோ தாளோ பிழைத்துக் கொடுபட்டுவிட்டது. இதில் முதலாவதையும் ஐந்தாவதையும் குழப்பினால்தான் நட்டம். ‘ஐயாயிரம் மாத்தித் தாங்க, மறுகா வாறன்’ என்று தெரிந்த ஒருவர் கேட்கிறார். நீங்கள் ஆயிரம் ரூபாத் தாள் ஐந்தை எண்ணிக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்; அவர் கைமாற்றென்று வாங்கிக்கொண்டு போகிறார். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் லாச்சியில் ஐயாயிரம் குறைகிறது. விதி எளிது: மாற்றக் கேட்டால், மாற்ற வேண்டிய தாள் முதலில் மேசைக்கு வர வேண்டும்.

‘மிச்சம்’, ‘சில்லறை’ இரண்டையும் ஒன்றாக எடுக்காதீர்கள். மிச்சம் என்பது நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியது. சில்லறை என்பது சிறிய காசு, யாருடையதாயினும். ‘சில்லறை இல்லையா?’ என்ற கேள்வி உங்களிடமிருந்து போனால், சிறிய காசும் சேர்த்துத் தாருங்கள் என்று பொருள். வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், என் மிச்சம் எங்கே என்று பொருள்.

அடுத்தது சொல்லாமல் விடும் அலகு. ‘ரெண்டரை’ என்றால் மளிகைக் கணக்கில் 2,500, மோட்டார் சைக்கிள் விலையில் இரண்டரை லட்சம். ‘பதினைஞ்சு’ என்பது 1,500 ஆகவும் பதினையாயிரமாகவும் பதினைந்து லட்சமாகவும் இருக்கலாம். சாமான் கண்முன் இருந்தால் யாரும் தடுமாறுவதில்லை. மூன்றாம் ஆளிடம் செய்தி சொல்லும்போதுதான் பிழைக்கும். ‘ஒரு கட்டு’ என்பதும் இப்படித்தான். வங்கிக் கட்டில் நூறு தாள். நூறு ரூபாத் தாள் என்றால் பத்தாயிரம், ஆயிரம் ரூபாத் தாள் என்றால் ஒரு லட்சம், ஐயாயிரம் ரூபாத் தாள் என்றால் ஐந்து லட்சம். கடையில் றப்பர் போட்ட கட்டில் எத்தனை தாள் என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். எண்ணி முடிக்கும் வரை றப்பரை வேறு கட்டில் போடாதீர்கள். வங்கிக் கட்டென்றால் சுற்றியிருக்கும் பட்டியைக் கிழிக்காமல் எண்ணுங்கள். குறைந்தால் எந்தக் கட்டு என்று காட்ட அந்தப் பட்டிதான் சாட்சி. காசோலையில் ‘ஒன்றரை லட்சம்’ என்று சுருக்கி எழுதவே வேண்டாம். காசோலைக்கும் பொருந்தும் உண்டியல்கள் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தும் இலக்கமும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும். நடைமுறையில் வங்கி அந்தக் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

உண்டியல் என்றதும் இன்னொன்று. கோயிலிலும் பள்ளிவாசலிலும் இருப்பது உண்டியல், பிள்ளைகள் குத்தி சேர்ப்பதும் உண்டியல், அரசாங்கம் கடன் எடுக்க விற்பது திறைசேரி உண்டியல், வங்கி வழியில்லாமல் வெளிநாட்டுக் காசு வருவதும் உண்டியல். ‘உண்டியல்ல காசு வந்திச்சு’ என்பதைக் கடைக் கொப்பியில் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

நமது பக்கத்தில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருப்பதால் அந்தத் தாள்களின் பெயர்களும் முகப்புக்கு வருகின்றன. ‘பவுண்’ என்பது எட்டுக் கிராம் பொன், இலண்டன் காசும் அதே பெயர்தான். ‘மாமா ரெண்டு பவுண் தந்தார்’ என்பதில் எவ்வளவு பெரிய வித்தியாசம் கிடக்கிறது என்று பாருங்கள். ‘ரியால்’ என்றால் எந்த நாட்டு ரியால் என்று கட்டாயம் கேளுங்கள். ஓர் அமெரிக்க டொலர் 3.75 சவூதி ரியால், கட்டார் என்றால் 3.64. ஓமான் ரியாலோ ஒன்றே ஏறக்குறைய 2.60 டொலர்; சவூதி ரியாலின் பத்து மடங்குக்குக் கிட்ட. டொலரும் அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா என்று பல உண்டு. வங்கியில் விலை கேட்கும்போது ‘தாளுக்கு என்ன விலை’ என்று கேளுங்கள். கையில் கொண்டுவரும் தாளுக்கும் கணக்குக்கு அனுப்பிய காசுக்கும் விலை ஒன்றல்ல.

‘இது செல்லாது’ என்ற சொல்லையும் முகப்பில் கவனமாகப் பாவியுங்கள். கிழிந்தது, பழைய உருவம், போலி, சட்டப்படி மதிப்பிழந்தது என்று நாலுக்கும் நாம் இந்த ஒரு சொல்லையே எறிகிறோம். பழகிக் கிழிந்த தாளை வங்கியில் மாற்றலாம். வேண்டுமென்றே கிறுக்கியதை, வெட்டியதை 2017 முடிவுக்குப் பிறகு மாற்றித் தருவதில்லை. இங்கே 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதென்று அறிவித்தது 1970இல். 2016இல் 500, 1000 ரூபாத் தாள்கள் செல்லாது என்றதும், 2023இல் 2000 ரூபாத் தாளைத் திரும்பப் பெற்றதும் இந்தியாவின் செய்திகள். அவற்றைக் கேட்டு நம் தாளைப் பயப்பட வேண்டியதில்லை. போலியென்று சந்தேகமானால் ‘கள்ளக்காசு’ என்று ஆளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அந்தச் சொல் ஆளையும் கள்ளனாக்கும், அவரும் எங்கோ ஏமாந்து வாங்கியிருக்கலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்து, அதிலுள்ள பறவையின் உருவம் நீர்க்குறியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ‘வேற தாள் தாங்க’ என்றால் போதும்.

நிறத்தைச் சொல்லி வேலை வாங்குவதையும் நம்ப வேண்டாம். பச்சை ஆயிரம், நீலம் ஐம்பது என்பது இன்றைக்குச் சரி. ஊதா என்றால் இப்போது 500, முன்பு ஊதாவாக இருந்தது 20.

கடைசியாக, கையில் செய்ய வேண்டியது. பில் 1,340 ரூபா, ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்று நீட்டுகிறார்கள். வாங்கும்போதே ‘ஐயாயிரம் தந்திருக்கிறீங்க’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். தாளை லாச்சிக்குள் போடாமல் மேலே வைத்து, மிச்சத்தைக் கழித்துச் சொல்லாமல் ஏற்றிச் சொல்லிக் கொடுங்கள்: பத்து ரூபாக் குத்தி, ஆயிரத்து முந்நூற்றைம்பது, ஐம்பது, ஆயிரத்து நானூறு, நூறு, ஆயிரத்து ஐந்நூறு, ஐந்நூறு, ரெண்டாயிரம், ஆயிரம் ரூபாத் தாள் மூண்டு, ஐயாயிரம். கொடுத்தது 3,660. அவர் எண்ணி முடித்து நகர்ந்த பிறகு அந்தத் தாளை உள்ளே போடுங்கள். ‘நான் தந்தது ஐயாயிரம், நீங்க ஆயிரத்துக்கு மிச்சம் தாறீங்க’ என்ற வழக்கு அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்த தடவை முதலாளி போனில் ‘ஐயாயிரம் தாள் எடுத்து வைங்க’ என்றால், லாச்சியைத் திறந்து எண்ணிவிட்டு அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: “ஐயாயிரம் ரூபாத் தாள் பதினாலு இருக்கு, எல்லாம் எழுபதாயிரம். அவ்வளவையும் வைக்கவா, ஒண்டு மட்டும் வைக்கவா?”